சுஹைரா சொல்லாமல் வைத்திருந்தது

செய்தி வந்தபோது நான் இறக்காமத்தில் ஒரு வாய்க்காலுக்குள், முழங்கால் வரை இறப்பர் சப்பாத்துடன் நின்றுகொண்டிருந்தேன். எலிக்காய்ச்சல் பரவும் வயல்களில் தண்ணீரெடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. வரம்பில் என் மாணவிகள் இருவர் போத்தல்களுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் தொலைபேசியை உயர்த்திக் காட்டினாள்.

“மிஸ், உங்கட காக்கா. மூணாவது தரம் எடுக்கிறார்.”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். என் மூத்த சகோதரரான காக்கா சலாம் சொல்லவும் மறந்திருந்தார்.

“புள்ள, சுஹைரா மிஸ் மவுத்தாகிட்டா. இப்பதான் பள்ளிவாசல்ல அறிவிச்சாங்க. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்குறாங்களாம். நான் கடையப் பூட்டிட்டுப் போறன். நீ கெதியா வா.”

காலையில் விரிவுரைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்று அவருடைய தங்கை பின்னர் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. காக்காவின் குரல் உடைந்திருந்ததுதான் காதில் நின்றது. ஒரு காலத்தில் சுஹைராவின் பெயரைத் தன் வீட்டில் எவரும் உச்சரிக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். அந்தக் காலத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சுஹைராவை அறிந்தவர்களுக்கு அவருடைய தகைமைகளை நான் அடுக்கத் தேவையில்லை. அறியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: இறக்காமத்து விவசாயி ஒருவரின் மூத்த மகள். கல்முனையில் தங்கையின் குடும்பத்தோடு வாழ்ந்தவர். எங்கள் பல்கலைக்கழகத்தின் உயிர்விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிகழ்ச்சித்திட்டத்தில் மனித மரபியல் கற்பித்தவர். என்னிலும் மூன்று வயது இளையவர். நாலுபேர் நடுவில் என்னை ‘மிஸ்’ என்பார். கதவு சாத்தியிருந்தால், அக்கா என்ற உரிமையோடு ‘ராத்தா’.

அந்த நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியபோது நான் அதன் இணைப்பாளராக இருந்தேன். மாணவர் கையேட்டில் போடுவதற்காக ஒவ்வொருவருடைய ஆய்வு ஈடுபாடுகளையும் எழுதித் தரும்படி கேட்டேன். நான் ஆறு வரி எழுதினேன். சிறுநீரக நோயை ஆராய்பவர் ஒரு பக்கம் தந்தார். இன்னொருவர் தான் கேள்விப்பட்ட நோய்களையெல்லாம் எழுதியிருந்தார். சுஹைராவிடமிருந்து வந்தது இரண்டே வரி. ‘தலசீமியா. ஆய்வுக்கு இரத்தம் தந்தவரின் இரகசியம்.’

இரண்டாவது வரி ஓர் ஆய்வுத் துறையே அல்ல என்று நினைத்து, நானே அதை ‘ஆய்வு நெறிமுறைகள்’ என்று மாற்றிவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் அந்தத் தாளுடன் என் அறைக்குள் வந்தார்.

“நெறிமுறை எண்டு போட்டா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிருவாங்க. இரகசியம் எண்டே போடுங்க ராத்தா. முதலாவத விட ரெண்டாவதுக்குத்தான் நான் கூட நேரம் செலவழிக்கிறன்.”

சிரித்துக்கொண்டே மாற்றிப் போட்டேன். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

ஏன் இந்த நோயை ஆய்வுக்கு எடுத்தீர்கள் என்று கேட்பவர்களிடம் எரிந்து விழுவார். குடும்பத்தில் எவரையோ பறிகொடுத்த கதை ஒன்றை எதிர்பார்த்து அவர்கள் கேட்பது அவருக்குப் பிடிக்காது. “அப்புடி ஒரு கதையும் எனக்கிட்ட இல்ல. ஆஸ்பத்திரி வாட்டில மாசாமாசம் ரத்தம் ஏத்த வாற புள்ளைகளப் பாத்தன். திரும்பத் திரும்ப அதே குடும்பங்கள்ல இருந்து வாறாங்க. அதுக்கு மேல என்ன காரணம் வேணும்?”

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களைக் காவிகள் என்கிறோம். காவிக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இராது. ஓடுவார், உழைப்பார், கிழவராகி இறப்பார். காவிகள் இருவர் மணந்துகொண்டால்தான் பிள்ளைகளில் ஆபத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு. நோயோடு பிறக்கும் பிள்ளை வாழ்நாள் முழுவதும் பிறர் இரத்தத்தில் வாழவேண்டும். மாமன் மகளை மச்சானுக்குக் கட்டிக்கொடுக்கும் எங்கள் ஊர்களில் இதை வாயால் சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். சுஹைரா தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் போய், பதினெட்டு வயது கடந்தவர்களிடம் விளக்கிச் சொல்லி, சம்மதித்தவர்களை மட்டும் தன் அறைக்கு வரவழைத்து இரத்தம் எடுத்தார். ஊசி குத்தும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரே வார்த்தைகளைச் சொல்வார்.

“இந்த முடிவு உங்கட. உங்கட வாப்பா வந்து கேட்டாலும் குடுக்க மாட்டன். நாளைக்கு உங்கட மாப்பிள்ள வந்து கேட்டாலும் குடுக்க மாட்டன். நீங்க சொல்ல விரும்பினா நீங்க சொல்லுங்க.”

எங்கள் அறைகளுக்கு இடையில் பலகைச் சுவர்தான். அந்த வார்த்தைகளை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டுக் கேட்டு அது எனக்கு மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டிருந்தது.

இனிமேல் எழுதுவதற்கு மூன்று பேரிடம் அனுமதி கேட்டேன். காக்காவிடம், என் மகன் சப்ரானிடம், காக்காவின் மகளிடம். மூவரும் தந்தார்கள். மகன் தன் பெயரைப் போடச் சொன்னான். காக்காவின் மகளுடைய பெயரை நானாகத்தான் எழுதவில்லை.

சப்ரானுக்கு அவளைக் கலியாணம் செய்துவைப்பதென்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தோம். பிள்ளைகளுக்கும் விருப்பம். என் கணவர் மவுத்தாகி அப்போது ஆறு வருடங்கள். வாப்பாவின் இடத்தில் நின்று என் குடும்பத்தைப் பார்த்தவர் காக்காதான். மருதமுனை நெசவுச் சாரங்களைக் கல்முனைக் கடையில் வைத்து விற்ற உழைப்பில் மகளுக்கென்று வீடு கட்டி, சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நிகாஹுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அந்தக் கிழமையில் ஒரு நாள் விரிவுரை முடிந்து நடைகூடத்தில் வந்துகொண்டிருந்தேன். சுஹைராவின் அறைக் கதவு திறந்தது. காக்காவின் மகள் வெளியே வந்தாள். அவள் இரத்தம் கொடுத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் நின்றாள். “மாமி” என்றாள். அவ்வளவுதான். நான் ஒன்றும் கேட்பதற்கு முன் படியிறங்கிப் போய்விட்டாள். அழுதிருந்தாளா, அல்லது அப்படி நான்தான் நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

நேரே சுஹைராவின் அறைக்குள் போனேன்.

“அவ என்னத்துக்கு வந்தவ?”

சுஹைரா பேனையை மூடி வைத்தார். “ஆரு?”

“விளையாடாதீங்க. என்ட மருமகளா வரப்போறவ. இப்பதான் உங்கட கதவால போறா.”

“என்ட கதவால ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போறாங்க ராத்தா.”

“அவக்கு இரிக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“ஏலா.”

கெஞ்சினேன். பிறகு கோபப்பட்டேன். ஒரே திணைக்களத்தில் இத்தனை வருடம் ஒன்றாக இருந்ததற்கு இதுதானா மரியாதை என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “உங்களுக்குச் சொன்னா பொறகு ஆரு கேட்டாலும் நான் மாட்டன் எண்டு சொல்ல ஏலா” என்று மட்டும் சொன்னார்.

இனி வருவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கட்டடம் காலியாக இருந்தது. சுஹைரா வைத்தியசாலை வாட்டுக்குப் போயிருந்தார். இணைப்பாளர் என்ற முறையில் எல்லா அறைகளின் மாற்றுத் திறப்பும் அலுமாரிகளின் மாற்றுத் திறப்பும் சாவிக் கொத்தாக என் மேசை லாச்சியில் இருந்தன. எழுந்து போனேன். அவருடைய இரும்பு அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் ஒரு புத்தகம். அதில் இலக்கங்களும் முடிவுகளும் மட்டும். எந்த இலக்கம் யாருடையது என்ற பெயர்ப் புத்தகம் கீழ்த் தட்டில் ஒரு வெள்ளை நாடாவால் கட்டிக் கிடந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். என் விரல்கள் முடிச்சில் இருந்தபோது கதவு திறந்தது.

“முடிச்ச விடுங்க ராத்தா.”

நான் திரும்பவில்லை. அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“என்ட மகன்ட வாழ்க்கை சுஹைரா. தாயா நிண்டு கேக்கிறன்.”

“தாய்தான். அப்ப மகன்ட ரத்தத்தப் பாருங்க. உங்கட ரத்தத்தப் பாருங்க. அதுக்கு ஆரிட்டயும் கேக்கத் தேவல்லயே. ஏன் இன்னொரு வீட்டுப் புள்ளைட பேரத் தேடுறீங்க?”

அவர் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். முடிச்சை ஒரு முறை பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மாற்றுத் திறப்பையும் வாங்கிக்கொண்டார். நான் வெளியே போகத் திரும்பியபோது சொன்னார்:

“இத நான் பீடாதிபதிக்கு எழுதிக் குடுக்க வேணும். என்ட பொறுப்பில இருக்கிற பேர்கள். மறைக்க ஏலா. ஒரு கிழமை தாறன். நீங்களே எழுதினா நல்லம். இல்லாட்டி வாற வெள்ளிக்கிழமை நான் எழுதுவன்.”

பிறகு கதிரையை இழுத்துப் போட்டார். “இரிங்க. கையை நீட்டுங்க.”

நான் கையை நீட்டினேன். ஊசி குத்தும் முன், இந்த முடிவு உங்கட, உங்கட வாப்பா வந்து கேட்டாலும் குடுக்க மாட்டன் என்று தொடங்கி ஒரு சொல்லும் குறைக்காமல் எனக்கும் சொன்னார். என் வாப்பா மவுத்தாகி எவ்வளவோ காலம் என்பது அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அதே கதிரையில் என்னை இருத்தி, நான் காவி என்று சொன்னார்.

நான் விஞ்ஞானி. பரம்பரை நோய்கள் பற்றிய பாடத்தை முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நானே கற்பித்திருக்கிறேன். ஆனாலும், காக்காவின் மகளில் ஒரு குறை இருந்தால் அது அவளுடைய தாய் வழியில்தான் வந்திருக்கும் என்று அந்தக் கணம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். காக்காவையும் என்னையும் பெற்றவர்கள் ஒரே இருவர்தான். என் உடம்பில் இருப்பது அவர்கள் தந்தது. இது எனக்குத் தோன்றவேயில்லை.

நான் என் முடிவைச் சொன்னதும் மறுநாள் சப்ரானும் வந்தான். அவன் தபால் கந்தோரில் வேலை செய்கிறான், எதையும் சுருக்கமாகப் பேசுபவன். இரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். புதன்கிழமை முடிவு சொல்லும்போது சுஹைரா என்னை வெளியே போகச் சொன்னார். நான் நடைகூடத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான்.

“எனக்கும் இரிக்கி உம்மா.”

“அவவப் பத்திக் கேட்டியா?”

“கேட்டன். அத எனக்கிட்டக் கேக்கக் கூடா எண்டுட்டா. உங்கட நிலைமைய நீங்க அவக்குச் சொல்லலாம், அது உங்கட உரிமை எண்டு சொன்னா.” படியை நோக்கி நடந்தான். “நான் நாளைக்கு மாமா வீட்ட போறன். நீங்களும் வாங்க.”

வியாழக்கிழமை பின்னேரம் காக்காவின் வீட்டு மண்டபத்தில் இருந்தோம். புது வர்ணத்தின் வாடை மூக்கில் ஏறியது. காக்காவின் மகள் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள், காலடி தெரிந்தது. சப்ரான் தேநீர்க் கோப்பையைத் தொடாமல் கதைத்தான்.

“மாமா, நான் சுஹைரா மிஸ்ட்ட ரத்தம் சோதிச்சன். தலசீமியாக் காவியாம். எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல. ஆனா கட்டுறவவுக்கும் இருந்தாப் புள்ளைகளுக்கு ஆபத்து. அத உங்களுக்கும் அவக்கும் சொல்லாம நிகாஹுக்கு வர ஏலா.”

காக்கா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப மகளும் சோதிக்கணும் எண்டு சொல்றியா?”

“இல்ல மாமா. அது அவட விருப்பம். நான் கேக்கவே இல்ல. என்டதத்தான் சொன்னன்.”

காக்காவின் முகம் கறுத்தது. அவர் சப்ரானைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “இது உன்ட மாப்பிள்ளைட குடும்பத்தில இருந்து வந்தது. எங்கட உம்மா வாப்பா வழியில இப்புடி ஒரு அசிங்கம் இருந்ததே இல்ல. இருந்தாச் சொல்லு பாப்பம்.”

என் வாயில் பதில் இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் காக்காவின் மேலும் அவர் மகளின் மேலும் சந்தேகம் விழும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். மையவாடியில் கிடக்கும் என் கணவர்மேல் பழியைப் போட விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சப்ரான் என்னைப் பார்த்தான். அவனுக்கு என் முடிவு தெரியும். நானே சொல்லியிருந்தேன். அவனும் என் இரகசியத்தை உடைக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“வாப்பா, இந்தக் கலியாணம் எனக்கு வேணாம்.”

உறுதியான குரல். சப்ரான் எழுந்து சலாம் சொல்லிவிட்டு வெளியே போனான். காக்கா கதவைப் பார்த்துக் கத்தினார். “அந்தப் பொம்பளதான் எல்லாத்தையும் கிளறினவ! நாளைக்கே கெம்பஸுக்குப் போறன். இனி அவட பேர இந்த வீட்டில ஆரும் எடுக்கக் கூடா!”

சொன்னபடியே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவருடன் வந்தார். எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். என் கைப்பையில் நான் எழுதிய கடிதம் இருந்தது. மூன்று நாட்களாக அதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். அன்று காலைதான் ஒருவழியாக முடித்திருந்தேன். ஆனால் கொடுக்கவில்லை. அறைக்குள் சுஹைரா ஏற்கெனவே நின்றார். எவரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

“இரத்தம் கெட்ட பொம்புளப் புள்ளைகள்ட பட்டியல் ஒண்டு இங்க இரிக்காம்” என்றார் காக்கா. “ஊரெல்லாம் அதான் கதை. பட்டியல் வெளிய போயிட்டெண்டும் கதைக்கிறாங்க. சம்பந்தம் முறிஞ்சு போச்சு. என்ட மகள்ட பேர் அதில இரிக்கா இல்லையா? இல்லையெண்டா இல்லையெண்டு கடிதம் தாங்க. நான் போயிருவன்.”

பீடாதிபதி நிம்மதியடைந்தவராகச் சுஹைராவைப் பார்த்தார். “அது நியாயமான கோரிக்கைதானே? ஒரு வரிக் கடிதம்.”

“ஏலா சேர்.”

“ஏன் ஏலா?”

“ஒருத்தருக்கு இல்லையெண்டு கடிதம் குடுத்தா, கடிதம் கிடைக்காத எல்லாருக்கும் இரிக்கி எண்டு ஆகிடும். நான் ஆருக்கும் குடுக்க மாட்டன். அவ ரத்தம் தந்தவவா எண்டுகூடச் சொல்ல மாட்டன்.”

காக்கா எழுந்து மேசையில் அறைந்தார். பேனைகள் வைத்திருந்த குவளை கவிழ்ந்து எல்லாம் உருண்டன. பெரியவர்களில் ஒருவர் அவருடைய தோளைப் பிடித்தார். “உனக்குப் புள்ள குட்டி இரிக்கா? இருந்தாத் தெரியும்!” என்று காக்கா சுஹைராவைப் பார்த்துக் கத்தினார். சுஹைரா குனிந்து, காலடியில் கிடந்த ஒரு பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

பீடாதிபதி கவிழ்ந்த குவளையை நிமிர்த்தினார். “சரி, நான் ஒன்று கேட்கிறேன். பட்டியல் வெளியே போயிருக்கிறதா? உங்கள் அலுமாரியை வேறு யாராவது திறந்தார்களா?”

சுஹைரா பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை என்பது மட்டும்தான் இருந்தது.

“நான் திறந்தேன்” என்றேன்.

கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு காக்காவின் பக்கம் திரும்பினேன். நான் கதைத்தது எனக்கே தூரத்தில் கேட்பது போல இருந்தது.

“மகள்ட பேரப் பாக்கத்தான் திறந்தன் காக்கா. பாக்க முதல் இவ வந்துட்டா. நான் ஒரு பேரும் பாக்கல்ல, வெளிய ஒண்டும் போகல்ல. நேத்து நீங்க கேட்டதுக்கு நான் வாய் திறக்கல்ல. சப்ரானுக்கு இது அவன்ட வாப்பாட்ட இருந்து வரல்ல. என்னிட்ட இருந்து வந்தது. நான் சோதிச்சுப் பாத்துட்டன்.”

காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படிக்காதவர், ஆனால் கணக்குத் தெரிந்தவர். எங்கள் உம்மாவையும் வாப்பாவையும் அவர் மனதில் நிறுத்திப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மெல்லக் கதிரையில் இருந்தார்.

“அப்ப எனக்கு?” என்று சுஹைராவிடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றார் சுஹைரா. “நீங்க விரும்பினா நான் பாத்துச் சொல்லுவன். உங்களுக்கு மட்டும்தான் சொல்லுவன். உங்கட தங்கச்சி கேட்டாலும் சொல்ல மாட்டன். உங்கட மகள் கேட்டாலும் சொல்ல மாட்டன்.”

காக்கா எழுந்து போனார். அவருடன் வந்தவர்கள் பின்னால் போனார்கள்.

எனக்குத் தண்டனை கிடைத்தது. இணைப்பாளர் பதவியிலிருந்து விலக்கப்பட்டேன், எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இரண்டும் எனக்குத் தகும். சுஹைராவுக்கு நேர்ந்ததுதான் தகாதது. நெறிமுறைக் குழு அவருடைய ஆய்வை நிறுத்தி வைத்தது. திரும்ப அனுமதி கிடைத்தபோது, இரத்தம் தருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் பின்வாங்கிவிட்டார்கள். எதிர்பார்த்ததில் சின்னதொரு பகுதியைத்தான் அவரால் எழுதி வெளியிட முடிந்தது. அந்தத் தடங்கலால்தான் அவர் கடைசிவரை பேராசிரியராகவில்லை என்பது என் எண்ணம். அதற்கு நான்தான் காரணம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அவர் என்னை உடனே மன்னித்துவிட்டார் என்று எழுதினால் அது பொய். பல மாதங்கள் என்னோடு வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை. கதவு சாத்தியிருந்தாலும் ‘மிஸ்’தான். பலகைச் சுவருக்கு அப்பால் அவர் தும்மினால்கூட நான் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவேன். ஆய்வு முடிந்த பிறகு ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார்.

“பேர்ப் புத்தகத்த எரிக்க வேணும். ஒரு சாட்சி வேணும் எண்டு விதி. வாங்க ராத்தா.”

ஆய்வுகூடத்தின் பின்புறத்தில், கழிவுகளை எரிக்கும் உலைக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை என் கையில் தந்தார். நாடாவை நானே அவிழ்த்தேன். தாள்களை எழுத்துத் தெரியாமல் கவிழ்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க, அவர் நெருப்பில் போட்டார். அவர் என் கையைப் பார்க்கவேயில்லை. எல்லாம் முடிந்ததும் அவர் முகத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. சொன்னேன். முன்றானையால் துடைத்துவிட்டு, “இனி ஆரு வந்து கேட்டாலும் எனக்கு நிம்மதி” என்றார்.

பிள்ளைகளின் வாழ்க்கை நின்றுவிடவில்லை. சப்ரான் அக்கரைப்பற்றில் கலியாணம் செய்தான். பெண் கேட்கப் போன அன்றே தன் இரத்தத்தைப் பற்றி அவர்கள் முன் சொன்னான். காக்காவின் மகளும் ஓர் ஆசிரியரை மணந்து நன்றாக இருக்கிறாள். காக்கா ஒரு வருடத்துக்கு மேல் என் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு ஒரு பெருநாளன்று வந்தார். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்த பின்னும் எழும்பாமல் இருந்தார்.

“நான் போய்ப் பாத்தன் புள்ள” என்றார். “அந்த மிஸ்ட்ட. தனியாத்தான் போனன். கடுதாசியக் கையில தந்துட்டு, இனி இது உங்கடதான் எண்டா. நான் உன்னப் பத்தி ஒண்டு கேட்டுப் பாத்தன். வாயே திறக்கல்ல.”

முடிவு என்னவென்று அவர் சொல்லவில்லை. தன் இளைய மகனுக்குச் சம்பந்தம் பேசியபோது இரு பக்கமும் சோதித்துவிட்டு வாருங்கள் என்று அவரே சொன்னார் என்பது மட்டும் தெரியும். கல்முனைக் கடைத்தெருவில் தன்னிடம் சாரம் வாங்க வருபவர்களிடம்கூட அதைக் கதைத்து ஏச்சு வாங்கியிருக்கிறார்.

இறக்காமத்திலிருந்து நான் கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது லுஹர் தொழுகை முடிந்திருந்தது. வீட்டு முற்றத்தில் ஆண்கள் நிறைந்து நின்றார்கள். காக்காவும் நின்றார். என்னைக் கண்டு வழிவிடச் சொன்னார். உள்ளே சுஹைராவின் முகத்தைப் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் கேட்கும் அந்த ‘ராத்தா’ என்ற குரல் இனி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாட்டில் மாதாமாதம் இரத்தம் ஏற்ற வரும் பிள்ளைகளின் தாய்மார் பலர் சுவரோரம் இருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு வீடு அமைதியானது. என் பக்கத்தில் ஒருத்தி வந்து இருந்தாள். காக்காவின் மகள். மடியில் அவளுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அழுது முடிக்கும்வரை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“மாமி” என்றாள் கடைசியில். “அண்டைக்கு மிஸ்ட அறையால நான் வந்தத நீங்க கண்டீங்க. அவ எனக்கு என்ன சொன்னா எண்டு இத்தனை வருசம் நீங்க ஒருக்காலும் கேக்கல்ல. இப்ப அவ இல்ல. உங்களுக்குச் சொல்லட்டா?”

ஒரு காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு பூட்டைத் திறந்தேன். அது இப்போது தானாக என் முன்னால் வந்து நின்றது. எனக்குள் எதுவும் அதை நோக்கி எழும்பவில்லை.

“வேணாம் மகள்” என்றேன். “உனக்குச் சொல்ல வேணும் போல இருந்தாச் சொல்லு. எனக்குக் கேக்கத் தேவல்ல.”

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம்.

சுஹைராவின் புத்தகங்களைத் தங்கை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய பாடத்தை அடுத்த தவணையில் வேறொருவர் கற்பிப்பார். எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது ஒன்றுதான். நான் நேசிக்கும் ஒருத்தியைப் பற்றி ஒரு விடயம் தெரியாமலே அவள் பக்கத்தில் இருக்க முடிகிறது. அந்தத் தெரியாமை இப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அதை எனக்குத் தந்தவர் அவர். அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.